வலிப்பும் வினைப்பயனும்

அமாவாசை தோறும் திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நோய் தீர வேண்டி வருவோர் ஏராளம். ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லத்தைப் போட்டு, அது கரைவதுபோல் நோயும் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அதே மாவட்டத்தில்தான் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபை, திருவாலங்காடு. ஆடவல்லான் காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையின் உருவம் என்று சைவம் சொல்லும். வடமொழியில் அவன் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அதே பெயர்தான். தமிழிலும் அந்நோயை முயலகன் என்றே சொல்லியிருக்கிறார்கள். இப்படி நோய், பேய், அறியாமை, பழவினை எல்லாம் ஒரே உருவத்தில் வந்து சேர்ந்துவிட்டதால், வலிப்பு வந்து விழுந்தவரைப் பார்ப்பவர் மனத்தில் இரக்கத்தோடு ஒரு சந்தேகமும் எழுகிறது: இவர் என்ன செய்தாரோ? இன்று மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்கேன் வந்திருக்கிறது. வலிப்பு ஒரு தண்டனை என்ற விடையை அது வீழ்த்திவிட்டது என்பதும், கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை அது தொடவே இல்லை என்பதும் என் கருத்து. இவ்விரண்டையும் போட்டுக் குழப்புவதில் பக்தருக்கும் பகுத்தறிவாளருக்கும் சம பங்கு உண்டு.

முதலில் அந்த ஸ்கேன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வழக்கமான எம்.ஆர்.ஐ. முக்கியமாக உடலில் உள்ள நீரின் சமிக்ஞையை வைத்துப் படம் தருகிறது. அதே இயந்திரத்தில் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற முறையில், நீரின் சமிக்ஞையை அடக்கிவிட்டு, மூளையில் குறித்த ஒரு சிறு பகுதியிலிருந்து மற்ற மூலக்கூறுகளின் மெல்லிய சமிக்ஞைகளைப் பிரித்தெடுக்கலாம். திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். அதன் மேடுகள் இன்னின்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று காட்டும். நரம்பணுக்களில் மிகுந்திருக்கும் என்.ஏ.ஏ., அணுக்களைத் தூண்டும் குளுட்டமேட், அடக்கும் காபா ஆகியவை வலிப்பு ஆராய்ச்சியில் முக்கியமானவை. மூளையின் பக்கவாட்டு மடலில் தொடங்கும் வலிப்பில், அந்த மடலின் உட்பகுதியான ஹிப்போகாம்பஸில் என்.ஏ.ஏ. குறைந்து காணப்படுகிறது, சாதாரண எம்.ஆர்.ஐ. குறையேதும் காட்டாத சிலரிடமும் இதைப் பார்க்கிறார்கள். குறைவு என்றால் நரம்பணுக்கள் செத்துவிட்டன என்றுதான் பொருள்கொண்டார்கள். 1997இல் கனடாவின் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தைத் திருத்தியது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலிப்பு நின்றவர்களிடம், வெட்டாமல் விட்ட பகுதிகளில் என்.ஏ.ஏ. மறுபடி உயர்ந்திருந்தது. செத்த அணு திரும்பி வராது. ஆகவே அந்தக் குறைவில் ஒரு பங்காவது திணறிக்கொண்டிருந்த அணுக்களுடையது. வலிப்பு நின்றதும் அவை தேறிக்கொண்டன. தலையெழுத்து என்று எதைச் சொன்னார்களோ அது சில மாதங்களில் மாறி எழுதப்படுவதைக் கருவி காட்டியது.

இதற்கு வினைக்கொள்கையை ஆழமாகக் கற்றவர் ஒரு பதில் வைத்திருப்பார். ஸ்கேன் காட்டுவது எப்படி என்பதை மட்டும். ஏன் இவருக்கு வந்தது என்பதை அது காட்டுமா? வினை வேதிப்பொருள் வழியாகத்தானே வேலை செய்யும்? இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. ஆனால் வேலூருக்குப் போய் அதைச் சோதிக்கலாம். இந்தியாவில் வலிப்பு வந்தவர்களின் சி.டி. ஸ்கேனில் சிறு வளையம்போல் ஒரு கட்டி அடிக்கடி தெரியும். அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சேர்ந்த சாண்டி, ராஜசேகர் முதலியோர் அந்தக் கட்டிகளைத் திசுப் பரிசோதனை செய்து, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம் என்று 1989இல் அறிவித்தார்கள். பின்னர் வேலூர் மாவட்டத்தில் நடத்திய கணக்கெடுப்பில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான் என்று தெரிந்தது. புழுவின் முட்டை மனித மலத்திலிருந்து நீரிலும் கீரையிலும் கையிலும் ஒட்டிப் பரவுகிறது. பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாதவருக்கும் வரும். கட்டி புழுவா காசநோயா என்று பிரிக்க இன்று ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் உதவுகிறது. காசநோய்க் கட்டியில் கொழுப்பின் மேடு ஓங்கித் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் வினை புழு வழியாக வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்லலாம், யாரும் மறுத்து நிரூபிக்க முடியாது. ஆனால் கழிப்பறை கட்டினால் குறைந்துபோகிற வினை, கட்டினவரின் புண்ணியமா, கட்டாத பஞ்சாயத்தின் பாவமா? நோயாளியின் முற்பிறப்பு அந்தக் கணக்கில் எங்கும் தேவைப்படவில்லை. எதையும் மாற்றாத ஒரு விளக்கத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தும் அதிகாரம் மட்டும் எப்படி வந்தது? திரும்பத் திரும்ப வலிப்பு வருவது மணத்துக்குத் தடை என்ற வாசகம் இந்து திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999இல்தான் அதை நீக்கினார்கள்.

வினைக்கொள்கையைக் கைவிட்டால் சமயமே போய்விடும் என்று அஞ்சுபவர் பெரியபுராணத்தைத் திறந்து பார்க்கட்டும். கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். மருத்துவர்களால் முடியாமல், தகப்பன் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில், அதாவது இன்றைய திருவாசியில், இறைவன் முன் கொண்டுவந்து கிடத்துகிறான். அங்கே வந்த ஞானசம்பந்தர் அவள் பொருட்டுப் பாடிய பதிகத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். பாட்டுக்குப் பாட்டு அவர் இறைவனைத்தான் கேட்கிறார்: இந்தப் பெண்ணை இப்படி வாடவைப்பது உமக்குத் தகுமா என்று. அவள் செய்த தீவினை என்ன என்ற விசாரணை அங்கே நடக்கவே இல்லை. பொறுப்புக் கேட்கப்படுவது கடவுளிடம். நோயாளி மேல் குற்றச்சாட்டு கிடையாது. என் குழந்தைக்கு ஏன் என்று தாய் கேட்கும் கேள்விக்கு ஸ்கேனில் விடை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியை யாரை நோக்கிக் கேட்பது என்பதைச் சம்பந்தர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக வைத்திருக்கிறார்.

மறுபக்கத்தில் பகுத்தறிவாளர் செய்யும் பிழையும் சிறியதல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், பக்கவாட்டு மடல் வலிப்பு உள்ள ஒரு சிலரின் தோலில் மின்கடத்துதிறனை அளந்தார். சமயம் சார்ந்த சொற்களுக்கும் படங்களுக்கும் அவர்கள் உடல் அளவுக்கு மீறி எழுச்சி கொண்டது. 1998இல் வந்த தம் நூலில் அவர் இதிலிருந்து கடவுள் இல்லை என்று முடிவுகட்டவில்லை. மேடைகளில் அதைக் கேட்டு வந்து முடிவுகட்டியவர்கள் வேறு. ஞானியின் அனுபவத்துக்கு மூளையில் ஒரு வேதிமாற்றம் இருப்பதாலேயே அது பொய் என்றால், கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சிக்கும் ஒரு வேதிமாற்றம் உண்டே, கணக்கு பொய்யாகுமா? வில்லியம் ஜேம்ஸ் 1902இலேயே இந்தக் குறுக்குவழியைக் கண்டித்திருக்கிறார். கணக்கை வேறொருவர் போட்டுச் சரிபார்க்கலாம், தரிசனத்தை அப்படிச் செய்ய முடியாதே என்று கேட்டால், சரியான கேள்விதான். அதனால் தரிசனத்தை நம்பியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை எடைபோட இந்தக் கருவி உதவாது என்கிறேன். காரைக்கால் அம்மையாரை அவர் விட்டுச்சென்ற பாடல்களை வைத்து மதிக்கிறோம். அவர் ஹிப்போகாம்பஸில் என்.ஏ.ஏ. எவ்வளவு இருந்திருக்கும் என்று யாருக்கும் கவலையில்லை. பக்தரும் இங்கே கவனமாக இருப்பது நல்லது. ஒரு மணிநேர யோகாசனத்துக்குப் பின் மூளையில் காபா 27 சதவீதம் கூடியதாக 2007இல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யோகம் நிரூபணமாகிவிட்டது என்று முழங்குபவர், வலிப்புக்குக் கொடுக்கும் விகாபாட்ரின் மாத்திரையும் அதே காபாவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுவதை அதே கருவி காட்டியிருப்பதையும் சொல்ல வேண்டும். காபா ஏறியதுதான் ஆன்மிகம் என்றால் மாத்திரைக்கும் ஒரு சந்நிதி கட்டவேண்டி வரும்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், வலிப்பு வினையா நோயா என்ற கேள்வி நூலறையைவிட்டு வெளியே வந்து நிற்கிறது. எஃகு உருட்டாலையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் உள்ளூர்க்காரர் கையில் இரும்பைத் திணிப்பார். பீகாரிலிருந்து வந்தவர் செருப்பை முகரவைப்பார். சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு கிடக்கும் இடத்திலேயே வலிப்பு வந்திருக்கிறது என்பதை இருவரும் யோசிப்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேருகிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்தான் வேண்டும், இரும்பு அல்ல. இரும்பும் செருப்பும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வினை என்ற சொல் அப்படியல்ல. அது சிலருக்கு வசதியான சொல். உடலில் ஈயம் மிகுந்தால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் என்பது பழைய மருத்துவ உண்மை; ஈயம் உருக்கும் தொழில் உள்ள மாவட்டம் இது. தொழிலாளியின் குழந்தைக்கு வந்த வலிப்பைப் பூர்வஜென்மத்தின் கணக்கில் எழுதிவிட்டால் யாரும் ரத்தத்தில் ஈயத்தைப் பார்க்கச் சொல்லப்போவதில்லை. இன்னொன்று, தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். சிவராத்திரிக்குக் கண்விழித்தாலும் நைட் ஷிஃப்டில் கண்விழித்தாலும் மூளைக்கு ஒன்றுதான். முன்னதை விரும்பி ஏற்பவர் பூசாரியிடம் சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது என்றே நினைக்கிறேன். பின்னதை மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்க, நோயை வெளியே சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும் என்ற பயத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி வாயைத் திறப்பதில்லை, பல நாள் மாத்திரையையும் ஒளித்துத்தான் விழுங்குகிறார்.