அசலும் நகலும்

‘அசல்’, ‘நகல்’ என்னும் இரு சொற்களும் அரபியின் வழியே தமிழுக்கு வந்தவை. ‘அஸ்ல்’ என்றால் வேர். ‘நக்ல்’ என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல். சாத்தான்குளத்தில் பத்திரம் எழுதுவோர் இவற்றை நாளும் புழங்குகின்றனர். ஆயினும் அச்சிலும் ஒளிப்படத்திலும் அசல் எது என்று கேட்டால் விடை எளிதன்று.

அரபுத்தமிழ்க் கிதாபுகள் பல முற்காலத்தில் கல்லச்சில் வெளிவந்தன. கொழுப்பு மையால் எழுதிய எழுத்து கல்லில் பதியும். படிகள் எடுத்தபின் கல்லைத் தேய்த்து வேறொரு பக்கத்திற்குப் பயன்படுத்துவர். வேர் அழிந்தது, கிளைகளே எஞ்சின. அவற்றுள் எதனை நகலென்று தள்ளுவது?

1839-இல் வெளியான டாகெரின் முறையில் ஒரு படத்திற்கு ஒரே தகடு. 1841-இல் டால்பட் காப்புரிமை பெற்ற முறையிலோ ஒரே நெகட்டிவ் பல படங்களைத் தந்தது. ஆனால் முகம் கறுத்து முடி வெளுத்த நெகட்டிவை எவரும் சுவரில் மாட்டுவதில்லை. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலவுக் காட்சியைப் பல்லாண்டுகள் கழித்து வானை மேலும் இருளாக்கி அச்சிட்டார். இரண்டும் அவர் படைப்பே அன்றோ!

ஹதீஸ் கலையில் ‘நக்ல்’ இழிவன்று. அறிவிப்பாளர் நம்பிக்கைக்குரியோராய், ஸனது அறுபடாதிருத்தலே வேண்டும். படத்திற்கும் அதுவே அளவுகோல் என்போம். எவர் கையால், எதிலிருந்து, எத்தனை என்பதை உள்ளபடி உரைத்தால் நூறாவது படியும் மதிப்புடையதே. ஐம்பதே என்று எண்ணிட்டு விற்றபின் மறைவாக எடுத்த ஐம்பத்தோராவது படி, எத்துணை அழகாயினும் மோசடியே.

நம் இல்லங்களிலுள்ள மூத்தோர் படங்களின் நெகட்டிவ்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. இன்னார், இன்ன ஆண்டு, எடுத்தவர் இன்னார் என்று படத்தின் பின்புறம் எழுதி வைப்போமாக. அவ்வொரு வரி நம் சந்ததியார்க்கு ஸனதாகும்.