விட்டுவைப்பதும் கைவிடுவதும்

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பசுமைவழிச் சாலை. அங்கே இறங்கி நடந்தால் தொல்காப்பியப் பூங்கா. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர். மீன் மார்க்கெட் இரைச்சலோடு விடியும் எங்கள் பேட்டையிலிருந்து அரை மணி நேரத்தில் இப்படி ஓர் அமைதிக்குப் போய்விடலாம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. அறைக் கதவு பாதி நேரம் சாத்தியே இருக்கிறது. கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் எனக்குக் குற்ற உணர்வு. பிள்ளையை எப்போது கேட்க வேண்டும், எப்போது விட வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் நடந்தேன்.

ஓடைக்கரைச் சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு மடையான் கொக்கு. சேற்றின் நிறத்திலேயே இருந்ததால் நான் பார்க்கவில்லை. "அம்மா, நகராதே" என்றாள் மகள். நின்றேன். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அதுவும் நின்றது. நாங்கள் அசையாத வரை அதுவும் அசையவில்லை. பிறகு மெல்ல ஓரடி வைத்து, சட்டென்று குத்தி, மீன் குஞ்சை விழுங்கியது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகத் தொட்டது அதுதான்.

முட்டுக்காட்டில் ஒருமுறை கயாக்கில் போனபோதும் இதையே கண்டிருக்கிறேன். துடுப்பு போட்டால் நீர்க்காகம் எழுந்து போய்விடும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டத்தோடு மிதந்தால், கம்பத்தில் சிறகை விரித்து உலர்த்தியபடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் சும்மா விட்டுவிடுவதுதான் அன்பா? இல்லை. அதற்குச் சாட்சி எங்கள் கூவம். சிந்தாதிரிப்பேட்டையை வளைத்துக்கொண்டு ஓடுகிறது அது. 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்த இந்தப் பேட்டையை உருவாக்கியபோது ஆறும் அதன் அழகாக இருந்திருக்கும். எதிர்க்கரைக் கோமளீஸ்வரன்பேட்டையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்பர் அதில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார் என்கிறார்கள். இன்று பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அந்த ஆற்றை விட்டு நாம் ஒதுங்கித்தான் நிற்கிறோம், உண்மைதான். ஆனால் அதை நாம் விட்டுவைக்கவில்லை, கைவிட்டுவிட்டோம்.

தொல்காப்பியப் பூங்கா இருக்கும் இடமும் ஒருகாலத்தில் கைவிட்டதுதான். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி ஓடையைத் தூர்த்தார்கள். பிறகு அவற்றை அள்ளி, நீர் போக வரத் தடங்கள் வெட்டி, இந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டார்கள். 2011 ஜனவரியில் திறந்த பிறகும் எல்லாரையும் எப்போதும் உள்ளே விடவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. மக்கள் பணத்தில் செய்துவிட்டு மக்களுக்கே கதவடைப்பதா என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. வேலையை முழுவதும் செய்துவிட்டு, அதன் பிறகு ஒதுங்கி நின்றார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமலே ஒதுங்கினால் கைவிடுவது. செய்துவிட்டு இடம் கொடுத்தால் விட்டுவைப்பது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நீருக்குத் தெரியும் வித்தியாசம். பறவைக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரியும்.

மகளிடம் நான் ஒதுங்கி நின்ற நாட்களில் எத்தனை நாள் விட்டுவைத்தேன், எத்தனை நாள் அலுப்பில் கைவிட்டேன் என்று ரயிலில் திரும்பும்போது கணக்குப் பார்த்தேன். கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

மறுநாள் காலை அவள் கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை. வாசற்படியில் காபி டம்ளரை வைத்தேன். "வெச்சிருக்கேன்டி, ஆறிடப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.