இசைத்தட்டும் மனச்சாட்சியும்

நல்லிசையை இரசிப்பதற்கும் மனச்சாட்சியின் அனுமதி வேண்டுமா? பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியின் ஒலிப்பதிவொன்று நம்மை இக்கேள்வியின் முன் நிறுத்துகின்றது. 1942 மார்ச்சில், பேர்லின் பில்ஹார்மொனிக் வாத்தியக்குழுவை வில்ஹெல்ம் பூர்ட்வெங்லர் நெறிப்படுத்த, ஜேர்மன் வானொலி காந்த நாடாவிற் பதிந்தது அது. போரின் முடிவில் சோவியத் படையினர் கைக்கு வந்த அந்நாடாக்கள் மொஸ்கோ சென்றன. அங்கே இசைத்தட்டாக வெளிவந்த பதிவு பின்னர் உலகெங்கும் பரவியது.

அதன் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. மூன்றாம் பகுதியின் நிதானம் கேட்போரின் மூச்சையே மெதுவாக்குகின்றது. இறுதிப் பகுதியில் செலோக்களும் டபிள் பேஸ்களும் மட்டும் தாழ்ந்த குரலில் ஓர் எளிய மெட்டைத் தொடங்குகின்றன. படிப்படியாக ஏனைய வாத்தியங்கள் சேர்கின்றன. பின்னர் மனிதக் குரல்களே எழுந்து, மானுட சகோதரத்துவம் பற்றிய ஷில்லரின் கனவைப் பாடுகின்றன.

ஆனால், அதே பேர்லினில், அதே ஆண்டு ஜனவரி 20இல், வான்சே ஏரிக்கரை மாளிகையொன்றிற் கூடிய நாசி அதிகாரிகள், ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்திருந்தனர். அவ்வாத்தியக்குழுவின் யூதக் கலைஞர்களோ 1930களின் நடுப்பகுதியிலேயே வெளியேறிவிட்டனர். ஏப்ரல் 19இல், ஹிட்லரின் பிறந்தநாளை முன்னிட்டு, அதே சிம்பனியை அதே நெறியாளர் மீண்டும் நடாத்தினார். முடிவில் கோயபல்ஸ் அவர் கையைக் குலுக்கிய காட்சி படச்சுருளில் இன்றும் உள்ளது.

“கலை வேறு, அரசியல் வேறு” என்பர் சிலர். “அத்தட்டை உடைத்தெறிக” என்பர் வேறு சிலர். இருசாராரும் கேள்வியைத் தட்டிக்கழிக்கின்றனர். முன்னவர் மண்டபத்துக்கு வெளியே நடந்ததைக் காண மறுக்கின்றனர். பின்னவரோ, 1824இல் வியன்னாவில் முதன்முதல் ஒலித்த கனவை நாசிகளுக்கே தாரைவார்க்கின்றனர்.

இப்பதிவின் முரசொலியில் ஆட்சிக்கெதிரான சீற்றத்தைக் கேட்போர் உளர். இருக்கலாம். பூர்ட்வெங்லர் 1934இல் ஹிண்டமித் என்னும் இசையாசிரியருக்காகப் பகிரங்கமாக எழுதிப் பதவி துறந்தவர். யூதர் சிலருக்கு உதவியவர். மறு ஆண்டே மேடைக்குத் திரும்பியவரும் அவரே. முரசு தான் யாருக்கெதிராக முழங்குகின்றதெனச் சொல்வதில்லை. அவையிலிருந்த நாசி அதிலே தன் வெற்றியையே கேட்டிருக்கக்கூடும்.

அழகு எவரையும் தானாக நல்லவராக்கிவிடாது என்பதே நாம் பெறும் பாடம். அது ஒரு வாக்குறுதியைத் தருகின்றது. நிறைவேற்றும் பொறுப்புக் கேட்பவர்களுடையது. ஆகவே அப்பதிவை நாம் கேட்போம். நம் மாணவரையும் கேட்கச் செய்வோம். அம்மண்டபத்தில் இருந்தவர்களையும், இருக்கவிடாது துரத்தப்பட்டவர்களையும் மறவாது கேட்போம். அங்கே பாடப்பட்ட சகோதரத்துவத்தை நம் வாழ்விற் செயலாக்கும்போதே நமது இரசனை நேர்மையுடையதாகும்.