முட்டி போட்டால் கூச்சம் போகுமா?

ராகிங் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும், அப்போதுதான் பையனுக்குக் கூச்சம் போகும் என்று சொல்கிறவர்கள் ரவுடிகள் இல்லை. டாக்டர்கள், என்ஜினியர்கள், வங்கி மேலாளர்கள். பேராசிரியர்களிலும் சிலர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் "பரிகாரம் செய்தேன், பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தது" என்றால் இவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆதாரம் கேட்பார்கள். அதே வாயால், "என்னையும்தான் ராக் பண்ணினாங்க, இன்னிக்கு நான் நல்லா இல்லையா?" என்பார்கள். இரண்டுக்கும் தர்க்கம் ஒன்றுதான். பரிகாரம் இல்லாமலும் கல்யாணம் நடந்திருக்கும். முட்டி போடாமலும் கூச்சம் போயிருக்கும். புது இடத்தில் நாலு மாதம் இருந்தால் யாருக்கும் போகும்.

பட்டவர்களே "அது நல்லதுதான்" என்று சாட்சி சொல்கிறார்களே என்று கேட்கலாம். அந்தச் சாட்சியத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்டது. பாலியல் உளவியல் பற்றிப் பேசும் ஒரு குழுவில் சேர வந்த 63 கல்லூரி மாணவிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர், ஆராய்ச்சி செய்யும் ஆணின் முன்னால் ஆபாசச் சொற்களை உரக்கப் படித்துக் கூசிக் குறுக வேண்டியிருந்தது. இன்னொரு பிரிவுக்குப் பாலியல் சார்ந்த, ஆனால் ஆபாசமில்லாத சொற்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு குழுவின் உரையாடல் என்று ஒன்றைக் கேட்க வைத்தார்கள். வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த உரையாடல் அது. அதை மிக உயர்வாக மதிப்பிட்டவர்கள், அதிகம் அவமானப்பட்ட மாணவிகள்தான். இவ்வளவு பட்டுவிட்டுக் கிடைத்தது குப்பை என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே "எனக்கு நல்லது செய்தது" என்ற சாட்சியத்தை எழுதித் தருவதே பட்ட வலிதான். வலி கூடக்கூட சாட்சியும் பலமாகும். இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வழக்கும் நிற்காது.

முதலாம் ஆண்டு மாணவனின் உண்மையான சிக்கல்கள் எவை? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்ந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவன். உடற்கூறியல் வகுப்பில் எலும்பின் பெயரை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த தசைக்குப் போய்விடுகிறார். சந்தேகம் கேட்க எழுந்தால் ஆங்கிலம் வாயில் நிற்கவில்லை. இன்டர்னல் மார்க் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன ஆகும், ஸ்காலர்ஷிப் படிவத்தை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று சொல்ல வீட்டில் முன்னால் படித்தவர் யாரும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு விடுதி அறைக்கு இழுத்துப்போய், "உன் மூணாவது பட்டனைப் பாருடா" என்று நிற்க வைத்தால் இதில் எது தீரும்? போன வருடத்து நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் தீரும். நோட்டுக் கொடுக்க எவனையும் குனிய வைக்க வேண்டியதில்லை.

அந்த அறையில் 'இன்ட்ரோ' என்ற பெயரில் நடக்கும் விசாரணையையும் கேளுங்கள். பேர் என்ன? எந்த ஊரு? அப்பா என்ன பண்றார்? கட்ஆஃப் எவ்வளவு? எந்த கோட்டா? ஊருக்குள்ளயா, காலனியா? நட்பு வளர்க்க எதற்கு இந்தக் கடைசி மூன்று கேள்விகள்? பகலில் கடவுள் மறுப்பும் சமத்துவமும் பேசிவிட்டு, ராத்திரி ஜூனியர் 'விஷ்' பண்ணவில்லை என்று பொங்குகிற சீனியர்களும் இருக்கிறார்கள். சாமிக்கு வணக்கம் கிடையாது, தனக்கு மட்டும் உண்டு என்பது என்ன நாத்திகமோ!

இலங்கையில் இதற்குப் பகிடிவதை என்று பெயர். அங்கே தத்துவமே வைத்திருக்கிறார்கள்: பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் ஒன்றாக்கி 'பேட்ச் ஃபிட்' என்ற ஒற்றுமையை வர வைக்கிறோம் என்பார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி மிதிப்பதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தால், மிதிக்கிற கால் யாருக்குச் சமம் என்று கேட்க வேண்டும். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு அங்கே தடைச் சட்டம் வந்தது.

இங்கேயும் சாவுக்குப் பிறகுதான் சட்டம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட சீனியருக்குக் கீழ்நீதிமன்றத்தில் தண்டனை, 2001இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்சநீதிமன்றத்தில் மறுபடி தண்டனை. கொலை நடந்தபோது நாவரசுவின் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். "கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா, ஒரு வருஷம்தானே" என்று மகனுக்குப் போனில் சொல்லும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். ஒரு துணைவேந்தரின் வீட்டுப் பிள்ளைக்கே கிடைக்காத பாதுகாப்பை, உங்கள் பிள்ளை பணிவால் சம்பாதித்துவிடுவானா?

2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்வியாண்டும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தருகிறார்கள். சேர்க்கை நாளில் பத்துப் படிவங்களோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார்கள், கல்லூரியும் கோப்பில் வைக்கிறது. அந்தக் காகிதமும் ஒரு சடங்காகிவிட்டது.

சட்டத்தைவிட எனக்கு வழக்கு இரண்டாம் ஆண்டு மாணவனோடுதான். முதலாம் ஆண்டுக்காரனுக்கு வலி தெரியும், கையில் அதிகாரம் இல்லை. நான்காம் ஆண்டுக்காரனுக்கு அதிகாரம் உண்டு, வலி மறந்து கதையாகிவிட்டது. இரண்டும் ஒருசேர இருப்பது இரண்டாம் ஆண்டுக்காரனிடம் மட்டும். போன வருடம் இதே கட்டிலில் போர்வைக்குள் அழுதவன் அவன். கூச்சம் போனது எதனால், போகாமல் இருப்பது எது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே கதவைத் தட்டப் போகிறான். 'மரபு' என்கிறான், 'எங்க பேட்ச்சோட நிறுத்தினா கோழைன்னு சொல்லுவாங்க' என்கிறான். புது பேட்ச் வருகிற மாதத்தில் அவனிடம் புரட்சியோ தியாகமோ யாரும் கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குத் தன் அறையில் படுத்துத் தூங்கினால் போதும்.