பெயரறிந்த மரம்

ஒரு மரத்தின் பெயரை அறிந்துகொண்ட பின் அம்மரத்திற்கு நாம் கடன்பட்டவர்களாகி விடுகிறோமா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் அமரும்போதெல்லாம் இவ்வினா என்னுள் எழுகின்றது.

1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், ‘இந்தியா: நாடும் மக்களும்’ என்னும் வரிசையில் பறவைகள், பாம்புகள், மரங்கள் பற்றிப் படங்களோடு கூடிய நூல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டது. பறவை நூலைச் சாலிம் அலியும் லயீக் ஃபதேஅலியும் எழுதினர். 1966இல் வெளிவந்த ‘காமன் ட்ரீஸ்’ என்னும் மர நூலின் ஆசிரியர் ஒரு குரு என்பதை நம்மில் பலர் அறியார். அருட்தந்தை சாந்தாபாவ், ஸ்பெயினில் பிறந்த இயேசு சபையார். பம்பாய் தூய சவேரியார் கல்லூரிப் பேராசிரியராகவும், பின்னர் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் பணிபுரிந்தார். 1967இல் பத்மஸ்ரீ பெற்றார். 1970இல் இறைவனடி சேர்ந்தார். திருப்பலி நிறைவேற்றிய கைகள் வழியோர மரத்தின் இலையையும் விரித்துப் பார்த்திருக்கின்றன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

தொடக்க நூலில் ஆண்டவர் விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகிறார், அவன் பெயரிடுகிறான். மரங்களுக்குப் பெயரிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. அதற்கு முன்னரே, மரங்கள் நிறைந்த தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவன் அமர்த்தப்பட்டுவிட்டான். பெயரறியா மூதாட்டியும் வாசல் வேம்புக்கு நீர் வார்க்கிறாள் அல்லவா? அப்படியானால் படநூல்கள் எதற்கு? லூக்கா நற்செய்தியில் தலைவரின் விருப்பத்தை அறிந்தும் அதன்படி செய்யாத பணியாளனுக்கே மிகுதியான அடி. நூல் நமக்கு நிழல் தருவதில்லை. ‘அறியேன்’ என்னும் சாக்கை மட்டும் பறித்துக்கொள்கிறது.

திண்டிவனம் என்பதே புளியங்காடு எனப் பொருள்படும் என்பர். ‘திந்திரிணி’ வடமொழியில் புளி. புளியோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் என்கின்றனர் தாவரவியலார். அந்நிய மண்ணில் பிறந்து இம்மண்ணுக்கே உரியதாகிவிட்டது, நம் பழைய குருக்களைப் போல. ஆண்டுதோறும் ஏலம் போய், எளியோர் பலருக்குக் கூலி தந்த சாலையோரப் புளிய மரங்கள், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நெடுஞ்சாலை நான்கு வழியானபோது வெட்டப்பட்டன. வெட்டுமுன் அடிமரத்தில் எண் எழுதுவர். பெயர் எண்ணாகிவிட்டால் கோடரிக்குத் தயக்கமிராது.

ஆயினும் சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அச்சாலையில்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அங்கு விரையும் ஆம்புலன்சில் இருப்பவர் என் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். வெட்டியதை விடவும், வெட்டியபின் எவரும் வருந்தாததும், ஈடாக எங்கே என்ன நட்டனர் என்று எவரும் கேளாததுமே என்னை உறுத்துகின்றன. கேளாதவருள் நானும் ஒருவன். நானோ புளியின் தாவரவியற் பெயரையும் அறிந்தவன்.

சாலை நடுவே இப்போது அரளி பூத்திருக்கிறது. அதன் நிழலில் ஓர் ஆட்டுக்குட்டி கூடப் படுக்க இயலாது.