உச்சஸ்தாயி யாருக்காக?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வாலிபர் சிலர் ராக் பாடகர்களைப் போல உச்சஸ்தாயியில் பாடப் பழகுகிறார்கள். "இது உலகத்துச் சத்தம்" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இது பாவமா?

பழகுவது பாவமல்ல. தாவீதின் நாட்களில் கர்த்தரைப் பாடின 288 பேரும் கற்றுத் தேறினவர்கள் என்று 1 நாளாகமம் 25-ல் வாசிக்கிறோம். தம்பி, அபிஷேகம் இருக்கு, பயிற்சி எதுக்கு என்று கேட்காதே. தொண்டையை இறுக்கிக் கத்தினால் குரல்நாண் வீங்கும், தொண்டை கட்டிப்போகும். அடிவயிற்றிலிருந்து மூச்சை நிதானமா விடு. சுருதியை அரை அரைக் கட்டையா ஏத்து. வலிச்சா நிறுத்து.

ஆனால் அந்த உயரம் யாருக்காக? நம்ம ஊர் வழியா ரயில் போகிற செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. நாடகக்காரர் கதை சபைக்கு எதுக்கு என்று எண்ணாதிருங்கள். மைக் இல்லாத மேடையில் உச்சத்தில் பாடினால்தான் கடைசியில் தரையில் உட்கார்ந்த ஏழைக்கும் பாட்டு கேட்கும். இன்றைக்கு அந்த வேலையை மைக் செய்கிறது. அப்படியானால் நம் உயரம் எதுக்கு?

மில் ஷிப்ட் முடிந்து ஓடிவந்து கடைசிப் பாயில் உட்கார்ந்த அம்மா, உன் சுருதி எட்டாமல் வாயை மூடிக்கொண்டால் அது ஆராதனை இல்லை, கச்சேரி. தனிப்பாட்டில் முழுக்குரலையும் கர்த்தருக்குக் கொடு. சபையாய்ப் பாடும்போது இரண்டு கட்டை இறக்கு.

ஏற முடிந்தவன் இறங்கி வருவதே அன்பு. உன்னதத்தை விட்டு நமக்காக இறங்கி வந்தவரை அல்லவா பாடுகிறோம்! ஆமென்.