நெற்றியில் பூசும் காபன்



போன வருடம் குருத்து ஞாயிறன்று நீங்கள் பிடித்து வந்து, வீட்டுச் சிலுவையில் செருகி வைத்த ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் புதனான இன்று பூசும் சாம்பலை எடுத்தோம். உங்கள் நெற்றியில் கறுப்பாய் ஒட்டப்போவது பெரும்பாலும் காபன். தென்னை அதைக் காற்றிலிருந்து எடுத்தது. காற்றுக்கு அது எங்கிருந்து வந்தது?

விண்மீன்களின் வயிற்றிலிருந்து. ஆதியில் இருந்தவை பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும்தான். இரண்டு ஈலியக் கருக்கள் சேர்ந்தால் பெரிலியம் பிறக்கும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாய்ப் பிரித்தாலும் அதைவிடச் சீக்கிரம் அது சிதைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஈலியம் வந்து சேர்ந்தால்தான் காபன். 1953இல் பிரெட் ஹோயில் என்ற விஞ்ஞானி, காபன் கருவில் ஏறக்குறைய 7.65 மில்லியன் எலெக்ட்ரன் வோல்ட்டில் ஒரு சக்தி மட்டம் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உலகில் இவ்வளவு காபன் சேர்ந்திராது என்றார். கலிபோர்னியாவில் தேடினார்கள். இருந்தது!

அந்த மட்டம் கருவிசையின் வலிமையைப் பொறுத்தது. அந்த வலிமை 0.5 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, காபன் அல்லது ஒட்சிசன், இரண்டில் ஒன்று ஏறக்குறைய இல்லாமற்போகும் என்று 2000ஆம் ஆண்டில் ஹைன்ஸ் ஓபர்ஹும்மர் குழுவினர் கணக்கிட்டார்கள். ஒட்சிசன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் மகாவலியும் இல்லை.

ஹோயிலிடம் படித்தவர் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க. போகலைச் சுரங்கத்தில் எடுக்கிறோமே, காபனாலான அந்தக் காரீயம் விண்வெளித் தூசியிலும் உண்டென்று இருவரும் 1962இல் எழுதினார்கள். நம் மண்ணின் பிள்ளை விண்வெளிக் காபன் பற்றிய ஆராய்ச்சியில் பங்குகொண்டதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கருவிசை இவ்வளவு சரியாகப் பொருந்தியிருப்பதைக் கேட்கும்போது ஒரு சோதனை வரும். "இதோ, இறைவன் இருப்பதற்கு அத்தாட்சி" என்று சொல்லிவிடத் தோன்றும். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் பேசினார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜோர்ஜ் லெமெத்ர் ஒரு குருவானவர். அவருக்குத் திருத்தந்தையின் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. விஞ்ஞானக் கோட்பாட்டை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்பது அவருடைய உறுதி. நானும் அவர் பக்கம்தான். பிற்காலக் கணக்குகள் சில, ஓபர்ஹும்மர் சொன்னதைவிடத் தாராளமான எல்லையைக் காட்டுகின்றன. நாளை அந்த எல்லை இன்னும் விரியலாம். அப்போது நம் செபம் சுருங்கிவிடுமா? கணக்கு எப்படி மாறினாலும், கிடைத்திருக்கும் இந்த உயிருக்காக நன்றி சொல்ல நமக்குத் தடையில்லை.

இந்தத் தவக்காலத்தில் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு முற்றத்தில் நில்லுங்கள். திருவாதிரை சிவப்பாய்த் தெரியும். ஈலியம் காபனாகும் வேலை அதற்குள் இப்போது நடப்பதாக வானியலாளர் கருதுகிறார்கள். அதைக் காட்டிச் சொல்லுங்கள், பிறகு சேர்ந்து செபியுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை, "அப்படியானால் கடவுள் எதற்கு?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். என்னிடம் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.